எங்கள் ஊர் ஆசுபத்திரியும் தண்ணீர் கலந்த ஒரு போத்தலும்

நம் ஊர் ஆசுபத்திரி உண்டான கதையை எழுதித் தரும்படி பழைய ஆட்களிடம் கேட்டிருக்கிறார்கள். என் வயதை ஒத்தவர்களில் மூன்று பேர் முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். மூன்றையும் வாசித்தேன். முதல் கட்டடம் நெல் போட்டு வைத்த அறைதான் என்பதும், அதைக் கொடுத்தவர் போடியார் என்பதும் சரி. கிடுகுக் கூரை ஓட்டுக் கூரையானது, பெண்களுக்கென்று தனி வார்ட் வந்தது, அதுவும் சரி. ஆனால் மூன்று பேரும், மருந்து கலந்து கொடுக்க அரசாங்கம் அனுப்பிய ஒரு மனிதரை ஒரே பேரால் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 'தண்ணி அப்போதிக்கரி.' மருந்தில் தண்ணீர் கலந்து கொடுத்தாராம். ஊர் திரண்டு துரத்திவிட்டதாம்.

நீங்கள் பொய் எழுதவில்லை. உங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தத் தண்ணீரை ஊற்றியவள் நான். எனக்கு அப்போது பத்து வயது.

நம் ஊர் வாவியின் மேற்குக் கரையில் இருப்பதால் அந்தக் காலத்தில் எங்களுக்கு நோய் வந்தால் தோணிதான் வழி. சுகமில்லாதவரைப் பாயில் கிடத்தி, துறைக்குக் கொண்டுபோய், காற்றுப் பார்த்து, பட்டணத்துப் பெரிய ஆசுபத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் பாதிப்பேர் தோணியிலேயே கண்ணை மூடிவிடுவார்கள். அதனால் என் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், ஊரின் பெரிய வயல்காரரான போடியார், எல்லோரிடமும் கையெழுத்தும் பெருவிரல் அடையாளமும் வாங்கி பகுதியை ஆண்ட வெள்ளைக்கார ஏசண்டர் துரைக்கு மனு அனுப்பினார். கட்டடம் இருந்தால் ஆள் அனுப்பலாம் என்று பதில் வந்தது. துறைக்குப் பக்கத்தில் தன் நெல்லைப் போட்டு வைத்திருந்த அறையை ஒதுக்கிக் கொடுத்தார். அதுதான் மருந்துக் கொட்டில். சுண்ணாம்பு அடித்த பிறகும் உள்ளே நெல்லுமியின் மணம் போகவில்லை. அதன்மேல் கார்பாலிக் மணமும் ஏறி, இரண்டும் சேர்ந்து ஒரு மணம் இருந்தது. இப்போதும் ஈர நெல் காயும் இடத்தை நான் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

வந்த அப்போதிக்கரி, போர்த்துக்கேய வழிவந்த பட்டணத்துப் பறங்கியர். நம்மைப் போலவே தமிழ் பேசுவார். தனக்குள் முணுமுணுக்கும்போது மட்டும் அது பறங்கிப் பாசையாக இருக்கும். மெலிந்த ஆள், நெற்றியில் தொப்பி பதிந்த சிவந்த கோடு. கொட்டிலின் பின்பக்கச் சாய்ப்பில் தனியாக இருந்தார். காலையில் அவர் கைமணியை அடித்தால் நாங்கள் போத்தல்களோடு வரிசையில் நிற்போம். பன்னீர்ப் போத்தல், சாராயப் போத்தல், தலையெண்ணெய்ப் போத்தல், வீட்டில் எது இருக்கிறதோ அது. மருந்தை ஊற்றி, கடதாசியை நீளமாக வெட்டி, கத்தரிக்கோலால் பல்லுப் பல்லாக நறுக்கி, பசை தடவிப் போத்தலின் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது விளங்கும்.

அந்த வருஷம் மாரி வழக்கத்தைவிட நெடுநாள் நின்றது. வயல் வட்டைகளில் தேங்கிய தண்ணீர் வடியவே இல்லை. தை பிறந்ததும் குளிர்காய்ச்சல் தொடங்கியது. உங்களில் சிலருக்கு அந்த நடுக்கம் நினைவிருக்கும். நடுப்பகலில் வெயில் அடிக்கும்போது பல்லுக் கிட்டி, கட்டில் ஆடும். மேலே சாக்குப் போட்டு, அதன்மேல் பாய் போட்டு, அதன்மேல் ஆள் ஏறிப் படுத்தாலும் குளிர் அடங்காது. பிறகு நெருப்பாகக் கொதித்து, வியர்த்து, விட்டுவிடும். அடுத்த நாள் ஒன்றுமே நடக்காததுபோல எழும்பித் திரிவோம். அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்குத் திரும்பி வரும்.

எனக்கும் வந்தது, ஆறு வயதுத் தம்பிக்கும் வந்தது. அம்மா கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இருவருக்கும் சேர்த்து ஒரு போத்தல் கொயினா மருந்து. அப்பாவும் அம்மாவும் காலையிலேயே வட்டைக்குப் போய்விடுவார்கள். பகல் வேளை மருந்தைக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கொயினாவின் கசப்பை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? நாக்கில் பட்டால் காதுக்குள் இரைச்சல் கேட்கும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கிவிடுவேன். தம்பியால் முடியாது. கரண்டியைக் கண்டதும் வேலியோரம் ஓடிப் பதுங்குவான். பிடித்து மடியில் போட்டு வாயைத் திறந்தால் என் விரலைக் கடிப்பான். கடித்துவிட்டு அவனே அழுவான். உள்ளே போனதைவிட வெளியே வந்ததுதான் அதிகம். ஒரு நாள் குடித்ததெல்லாம் வாந்தியாக வந்து, மூச்சு முட்டி, முகம் நீலம் பாரித்துவிட்டது. நான் பயந்துபோனேன்.

காய்ச்சலும் அந்த இரண்டு மூன்று நாளாக வரவில்லை. போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போன காய்ச்சலுக்கு எதற்கு இந்தப் பாடு? போத்தலின் அடியில் இரண்டு விரல் மருந்தை நிறத்துக்காக விட்டுவிட்டு, மிச்சத்தை முருங்கையடியில் ஊற்றினேன். குடத்துத் தண்ணீரை மெல்ல விட்டு, கடதாசிப் பல்லில் எந்த இடத்தில் மருந்து நின்றதோ அதே இடத்தில் நிறுத்தினேன். போத்தலைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அந்த வேலையைச் செய்து முடித்ததில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அன்றிலிருந்து தம்பி வாயைத் திறந்து குடித்தான். "கெட்டிக்காரி, எப்பிடியோ பழக்கிப் போட்டாய்," என்று அம்மா என் தலையைத் தடவினாள்.

எனக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. தம்பிக்குத் திரும்பியது. இந்த முறை விட்டு விட்டு வரவில்லை. விடாமல் எரிந்தது. அம்மா தவறாமல் அந்தப் போத்தலிலிருந்தே கொடுத்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குக் குறைந்துவிடும் என்று நாளைக் கடத்தினேன்.

அதே கிழமையில் ஊரின் மேற்குப் பக்கத்தில் இரண்டு வீடுகளில் இரண்டு பிள்ளைகள் காய்ச்சலில் இறந்தன. இரண்டும் கொட்டில் மருந்து குடித்த பிள்ளைகள்.

பெரியப்பா தம்பியைப் பார்க்க வந்தார். அவருக்கும் அந்த மாதம் காய்ச்சல் வந்து, கொட்டில் மருந்தில்தான் சுகமாகியிருந்தது. தம்பியின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மாடத்தில் இருந்த போத்தலை எடுத்தார். தக்கையைக் கழற்றி உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இன்னொரு முறை ஊற்றி நக்கினார்.

"இதென்ன மருந்து?" என்றார். "எனக்குத் தந்தது நாக்கப் பொசுக்கிச்சி. இது தண்ணி."

அப்பா வாங்கி நக்கினார். பக்கத்து வீட்டுக்காரர் நக்கினார். போத்தல் கைக்குக் கை மாறிப்போனது. ஒவ்வொருவரும் நாக்கில் வைத்ததும் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"போடியாருக்கு நல்ல மருந்து. எளியதுகளுக்குத் தண்ணி," என்று ஒருவர் சொன்னார். "நம்மட மருந்தப் பட்டணத்தில வித்துத் தின்னுறான்," என்றார் இன்னொருவர். யாரோ ஓடிப்போய்ப் பிள்ளை செத்த இரண்டு வீட்டில் ஒரு வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் சால்வையும் இல்லாமல் வந்தார். சவரம் செய்யாத முகம். போத்தலை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு நேரே துறைப் பக்கம் நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். நானும் போனேன். போகாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அப்போதிக்கரி கொட்டில் வாசலில் கடதாசி நறுக்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தைக் கண்டு எழுந்தார். பெரியப்பா போத்தலை நீட்டினார்.

"குடியுங்க. எங்களுக்கு முன்னால குடியுங்க."

அவர் வாங்கி ஒரு மிடறு குடித்தார். முகம் சுளிக்கவில்லை. அதுவே பிழையாகப் போய்விட்டது. கூட்டத்தில் ஒரு இரைச்சல் எழுந்தது. அவர் போத்தலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"மருந்து என்டதான். ஆனா நான் கலந்த கலவை இதில்ல," என்றார். "வீட்டில ஆரு குடுக்கிற?"

"என்ட பொஞ்சாதி," என்றார் அப்பா.

"பகலில?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வியின் பொருள் விளங்கவில்லை. ஆனால் அப்போதிக்கரியின் கண் கூட்டத்துக்குள் தேடி என்னிடம் வந்து நின்றது. நான் நிலத்தைப் பார்த்தேன். திரும்ப நிமிர்ந்தபோதும் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அவர் இப்போது கையை நீட்டி 'அந்தப் பிள்ளையக் கேளுங்க' என்று சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர் எனக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றார்.

அப்போதிக்கரி சொல்லவில்லை. "திரும்பக் கலந்து தாறன். இப்பவே கொண்டுபோய்க் குடுங்க," என்று உள்ளே திரும்பினார்.

அந்த மனிதர் பாய்ந்து போத்தலைப் பறித்துக் கல்லில் அடித்தார். பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தட்டிலிருந்த போத்தல்கள் உடைந்தன. தொப்பி சேற்றில் கிடந்தது. அப்போதிக்கரியின் உதட்டில் இரத்தம். உள்ளே பூட்டிய அலுமாரியை உடைக்கப் போனவர்களைப் பெரியப்பா தடுத்தார். "அது துரைமாரிட சாமான். கைய வெச்சாப் பொலிசு புடிச்சி மறியல்லதான் போடும்," என்றார். அப்போதிக்கரியின் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார்கள். கொட்டில் கதவில் பெரியப்பா தன் பூட்டைப் போட்டுத் திறப்பை மடியில் சொருகிக்கொண்டார். அன்று பின்னேரமே அவர்மேல் குற்றம் சாட்டி மனு ஒன்று எழுதி, வாவியைச் சுற்றித் தரை வழியாகப் பட்டணத்துக்கு ஆள் போனது.

அப்போதிக்கரி துறைக்குப் போய்த் தோணிக்காக உட்கார்ந்தார். தோணிக்காரர் காத்தான்குடி முஸ்லிம், நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். "வாடை அடிக்கிது ஐயா. அடங்காமத் தோணிய எடுக்க ஒண்ணா," என்று சொல்லித் தன் குடிசையில் பாய் போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் அவரை அங்கேயே வைத்திருந்தார். அந்த இரண்டு நாளும் மீன்காரர்களின் தோணிகள் போய் வந்துகொண்டுதான் இருந்தன. காக்கா வேண்டுமென்றேதான் அவரை ஊரைவிட்டுப் போகவிடாமல் வைத்திருந்தார் என்பது எனக்குப் பல வருஷத்துக்குப் பிறகுதான் உறைத்தது.

தம்பிக்கு அப்பா நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிகாரியாரைக் கூட்டிவந்தார். அவர் கைபிடித்துப் பார்த்து ஒரு குடிநீர் காய்ச்சிக் கொடுத்தார். இரண்டாம் நாள் காலையில் வந்து பார்த்தவர் பையை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா வட்டைக்குப் போயிருந்தார். வரம்பு உடைந்து தண்ணீர் பாய்வதாகச் செய்தி வந்திருந்தது. பத்து மணி இருக்கும். தம்பியின் கண் மேலே சொருகியது. கைகால் முறுக்கி வெட்டத் தொடங்கியது. அம்மா கரண்டிக் காம்பைப் பல்லுக்கிடையில் கொடுத்து, அவனை அமத்திப் பிடித்துக்கொண்டு, "கண்ணகி அம்மாளே, அம்மாளே," என்று கத்தினாள்.

நான் அப்போது சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னேன். முருங்கையடி, குடத்துத் தண்ணீர், கடதாசிப் பல்லு, எல்லாவற்றையும்.

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தம்பியைச் சேலைத் தலைப்பால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "வா," என்றாள். அவ்வளவுதான்.

பாதை முழங்காலளவு தண்ணீர். நான் பின்னால் ஓடினேன். துறையில் அப்போதிக்கரி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அம்மாவைக் கண்டதும் எழுந்து வந்து தம்பியின் கண்ணிமையை உயர்த்திப் பார்த்தார்.

"ஊசி போடணும். இப்பவே போடணும்," என்றார். "மருந்து உள்ளுக்கு இரிக்கி."

கொட்டில் வாசலில் பெரியப்பாவும் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவரும் நின்றார். அம்மா கலியாணம் முடித்த நாளிலிருந்து பெரியப்பாவோடு நேருக்கு நேர் பேசியதை நான் கண்டதில்லை. அவர் வந்தால் உள்ளே போய்விடுவாள். ஏதும் சொல்ல வேண்டுமானால் என்னைக் கொண்டுதான் சொல்லுவாள். அன்று அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"திறப்பத் தாங்க."

பெரியப்பா அவளைப் பார்க்காமல் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். "இன்னொரு புள்ளையும் அவன்ட கையால சாகணுமா எண்டு கேளு."

"அவர் கலக்கல்ல. வீட்டில வெச்சு என்ட மகள் கலந்தவள்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பா குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தார். வெற்றிலை மணம்.

"இப்பிடிச் சொல்ல உனக்கு ஆரு சொல்லித் தந்த?"

"ஒருத்தரும் இல்ல, பெரியப்பா. நான்தான் ஊத்தினன். அடியில ரெண்டு விரல் விட்டுட்டு, குடத்துத் தண்ணிய அந்தப் பல்லு மட்டத்துக்கு..."

"பாத்தீங்களா?" என்று நிமிர்ந்தார். "பாடமாக்கின மாதிரிச் சொல்லுது. அந்தப் பறங்கிதான் சொல்லிக் குடுத்திரிக்கான்."

பிள்ளையைப் பறிகொடுத்தவர் மட்டும் என்னை நம்பினார் என்று நினைக்கிறேன். அவர் எனக்கு முன்னால் வந்து முழங்காலில் இருந்தார். "மனே, என்ட புள்ளைட போத்தலிலயும் நீ ஊத்தினயா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றேன். "உங்கட வீட்டுக்கு நான் வரல்ல."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து அப்பால் போய்விட்டார். தன் பிள்ளைக்கு நல்ல மருந்துதான் கிடைத்தது, அப்படியிருந்தும் போய்விட்டது என்பது அந்த நேரத்தில்தான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பத்து வயதில் எனக்கு அது தெரியவில்லை. அவர் என்னை விட்டுவிட்டுப் போகிறாரே என்ற நிம்மதிதான் இருந்தது.

யாரோ போய்ச் சொல்லி அப்பா வட்டையிலிருந்து ஓடி வந்தார். உடம்பெல்லாம் சேறு, தோளில் மண்வெட்டி. அம்மாவின் தோளில் கிடந்த தம்பியைத் தொட்டுப் பார்த்தார். இரண்டாம் முறை வலிப்பு வந்து அடங்கியிருந்த நேரம். என் பக்கம் திரும்பினார்.

"மெய்யா?"

"ஓம், அப்பா."

அவர் கதவை நோக்கி நடந்தார். பெரியப்பா குறுக்கே கையை நீட்டினார். "தம்பி, இது என்ட கட்டடம்."

"ஓம் அண்ணன். உங்கட கட்டடம்தான். விலகுங்க."

பெரியப்பா விலகவில்லை. அப்பா அவரை ஒரு கையால் தள்ளினார். தன் வாழ்நாளில் அண்ணனுக்கு முன்னால் உரத்துப் பேசாதவர். பெரியப்பா சுவரில் மோதி நின்றார். மண்வெட்டியின் பின்புறத்தால் மூன்று அடி. பூட்டோடு கொண்டியும் சேர்ந்து விழுந்தது.

உள்ளே உடைந்த போத்தல்கள் காலில் குத்தின. அப்போதிக்கரி அலுமாரியைத் திறந்து, ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, ஊசியைக் கொதிக்கவைத்தார். தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் எடுத்தது! அவருடைய வீங்கிய உதடு அசைந்துகொண்டிருந்தது. பறங்கிப் பாசையில் செபமாக இருக்கும். ஊசி ஏறியபோது தம்பி அழவில்லை. அழுதிருந்தால் நாங்கள் சந்தோசப்பட்டிருப்போம்.

அன்று முழுவதும் அவனை அங்கேயே மேசையில் கிடத்தியிருந்தோம். அந்த மேசைதான் நம் ஊர் ஆசுபத்திரியின் முதல் கட்டில் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பின்னேரம் இன்னொரு ஊசி. மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். அம்மா அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கிட்டப் போய்க் கூப்பிட்டாள். அப்போதிக்கரி அவன் தலைமாட்டில் கைமணியை ஓங்கி அடித்தார். வாசலில் நின்ற நாய் எழுந்து ஓடியது. தம்பி அசையவில்லை.

அவன் காதைக் காய்ச்சல் தின்றதா, ஊசி மருந்து தின்றதா என்று அவருக்கே தெரியாது. "உயிர் தப்பிச்சிது. காதப் பத்தி எனக்கு ஒண்டும் சொல்ல ஏலாது, அம்மா," என்று என் அம்மாவிடம் சொன்னார். அம்மா அவர் காலைத் தொடப் போனாள். அவர் விலகிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும்போது புதிதாக ஒரு போத்தல் கலந்தார். கடதாசி நறுக்கி ஒட்டினார். அம்மா கையை நீட்டினாள். அவர் அவளைத் தாண்டி என்னிடம் வந்து என் கையில் வைத்தார். "மூண்டு நேரம், மனே. நீ குடு," என்றார். என்னை நம்பி அவர் அதைத் தந்தது அப்பாவுக்குக்கூடப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒருவரும் தடுக்கவில்லை. நான் கொடுத்தேன். தம்பி கடித்தான். கடிக்கக் கடிக்கக் கொடுத்தேன்.

மனு போய்ச் சேர்ந்துவிட்டிருந்ததால் விசாரிக்கப் பட்டணத்திலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்தார். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு விசாரணை நடந்தது. அப்பா எழுந்து நடந்ததைச் சொன்னார். என்னையும் கூப்பிட்டார்கள். நான் எல்லோருக்கும் முன்னால் திரும்பச் சொன்னேன். டாக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல. "இந்தச் சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு கணக்காக அளவு பார்த்து ஊற்றத் தெரியுமா?" என்று அப்பாவிடம் கேட்டார். கூட்டம் வந்த அன்றே தனக்கு அது விளங்கிவிட்டது என்றார் அப்போதிக்கரி. டாக்டர் அவரிடம் திரும்பினார். "உமக்கு அன்றைக்கே தெரிந்ததென்றால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

அப்போதிக்கரி சேறு காய்ந்த தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். "சொல்லியிருந்தா அந்தக் கூட்டத்துக்குள்ள இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்திருக்கும், ஐயா?" என்றார்.

டாக்டர் அதை எழுதியதாக எனக்கு நினைவில்லை. கிழமை இரண்டு போகவில்லை, மாற்றம் வந்தது. வடக்கே பனிச்சங்கேணிக்கும் அப்பால், நம் ஊரைவிடக் காய்ச்சல் மிகுந்த ஒரு காட்டுக் கரைக்கு. அவர் தோணி ஏறியபோது துறையில் நாங்கள் நான்கு பேரும் காக்காவும்தான் நின்றோம். அங்கே இரண்டு மாரி தாங்கினார். மூன்றாவதில் காய்ச்சலில் போய்விட்டார் என்று காக்கா வந்து சொன்னார். அம்மா அன்று உலை வைக்கவில்லை.

ஆசுபத்திரிக்கு வருகிறேன். பெரியப்பா தன் கட்டடத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். கட்டடம் இல்லையென்றால் வேறு ஆள் அனுப்ப முடியாது என்று கடிதம் வந்தது. அப்பாவும் அம்மாவும் தெருவோரம் இருந்த வளவை எழுதிக் கொடுத்தார்கள். அது அம்மா வழிக் காணி, எனக்குச் சீதனம் கொடுக்க வைத்திருந்தது. நம் பக்கத்தில் காணியும் வீடும் இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வருவது எப்படியென்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இருபத்தாறு வயதுவரை ஒருவரும் வரவில்லை. அத்தனை வருஷமும் அதை எனக்கு விதித்த தண்டனையென்றே நினைத்திருந்தேன். அம்மாவின் கடைசிக் காலத்தில் கேட்டேவிட்டேன். அவள் ஆச்சரியப்பட்டுப் பார்த்தாள்.

"தண்டனையா? மழைக்குத் தண்ணி நிக்காத வளவு நமக்கிட்ட அது ஒண்டுதானே இருந்திச்சி, மனே," என்றாள்.

அந்த வளவில் முதலில் கிடுகுக் கொட்டில், பிறகு கல்லுச் சுவர், இரண்டு கட்டில். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், வானத்தில் ஆகாயக் கப்பல் இரைந்துகொண்டு போன நாட்களில், ஒரு மருத்துவிச்சியும் அவளுக்கு ஓர் அறையும் வந்தது. அதிலிருந்துதான் பெண்கள் வார்ட்.

தம்பியை அங்கேயே வேலைக்கு எடுத்தார்கள். ஊசி கொதிக்கவைப்பான், நோயாளியைத் தூக்குவான், துடைப்பான். பேச்சு அவனுக்கு மறக்கவில்லை. உரத்து, ஏற்ற இறக்கமில்லாமல் பேசுவான். உதட்டைப் பார்த்தே எல்லாம் விளங்கிக்கொள்வான். குரல் அடங்கிப்போன நோயாளி என்ன கேட்கிறார் என்பது டாக்டருக்கு முன் அவனுக்குத்தான் தெரியும். பெரியப்பாவையும் கடைசியில் அங்கேதான் கொண்டுவந்தார்கள். பாரிசவாதம். சத்தம் வரவில்லை. பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று தண்ணீரா, சோடாவா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி அவர் உதட்டைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பூட்டை உடைத்த நாளுக்குப் பிறகு பெரியப்பாவும் அப்பாவும் அன்றுதான் முகம் பார்த்தார்கள். அப்பா கட்டிலோரம் இருந்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. ஒருவருக்கு முடியாது. மற்றவருக்கு வரவில்லை.

நான் மருந்தில் தண்ணீர் கலந்ததாகச் சொன்ன கதையை ஊரில் சிலர் நம்பினார்கள், பலர் நம்பவில்லை. ஆனால் எல்லோரும் கேட்டிருந்தார்கள். கேட்காதவன் தம்பி ஒருவன்தான். அப்பா அம்மா அவனுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் வேலையிலிருந்து நிற்கப்போகிற கிழமையில் ஒரு நாள் வார்ட் விறாந்தையில் அவனுக்கு எதிரே போய் உட்கார்ந்து, அவன் என் உதட்டைப் பார்க்கும்படி, மெல்ல, முழுவதும் சொன்னேன்.

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் குரல் எவ்வளவு உரத்தது என்று அவனுக்குத் தெரியாது. அவன் பேசியபோது உள்ளே படுத்திருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"அக்கா, எனக்குக் காது கேட்ட காலத்துச் சத்தமெல்லாம் அழிஞ்சி போச்சி. அம்மாட குரலும் இல்ல. ஒண்டே ஒண்டுதான் மிச்சம் இரிக்கி. நீ கரண்டியப் புடிச்சிக்கிட்டு, 'இனிக் கசக்காது, குடி ராசா,' எண்டு சொன்னது. அதப் போய்ப் பிழையெண்டு சொல்லாத."